ரெஸ்டிக் பேக்கப்: புதிய வசதிகள், கட்டளைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆபீஸ் சர்வர்களுக்கும் தெரிந்தவர்களின் மடிக்கணினிகளுக்கும் ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருளைப் போட்டுக் கொடுத்த நாளிலிருந்து எனக்கு வரும் செய்திகளில் பாதி ஒரே கேள்விகள்தான். தனித்தனியாகப் பதில் தட்டி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். சொல்லியிருப்பதெல்லாம் 0.17 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு.

ஃபைல் எல்லாம் கிளவுட்ல சிங்க் ஆகிட்டுத்தானே இருக்கு, தனியா பேக்கப் எதுக்கு?

சிங்க் என்பது கண்ணாடி மாதிரி. இங்கே ஒரு ஃபைலை அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே வைரஸ் வந்து ஃபைலைக் குதறினால், குதறிய ஃபைல்தான் அங்கேயும் போய் உட்காரும். பேக்கப்பில் நேற்றைய நிலை, போன மாத நிலை என்று ஒவ்வொன்றும் தனியாக இருக்கும். அப்படி ஒரு நேரத்தில் எடுத்த நிலைக்குப் பெயர் ஸ்னாப்ஷாட்.

ரெஸ்டிக் அந்த ஸ்னாப்ஷாட்களை ரெப்போ என்ற ஒரு கிடங்கில் சேர்க்கும். ரெப்போ உங்கள் வெளி டிஸ்க்கில் இருக்கலாம், எஸ்எஃப்டிபி (கணினிகளுக்கிடையே பாதுகாப்பாக ஃபைல் அனுப்பும் முறை) வழியாக வேறொரு கணினியில் இருக்கலாம், எஸ்3 வகை கிளவுட் சேமிப்பிலும் இருக்கலாம். எங்கே இருந்தாலும் டேட்டா உங்கள் கணினியிலேயே பூட்டப்பட்டுத்தான் வெளியே போகும். மறுமுனையில் இருப்பவரால் ஃபைல் பெயரைக்கூடப் படிக்க முடியாது.

தினமும் முழுசா எடுக்குதே, டிஸ்க் ரொம்பிடாதா?

ரொம்பாது. ரெஸ்டிக் ஃபைலைத் துண்டுதுண்டாக வெட்டும். ஒரு துண்டு 512 கிலோபைட்டிலிருந்து 8 மெகாபைட் வரை, சராசரியாக 1 மெகாபைட். எங்கே வெட்டுவது என்பதை உள்ளடக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். அதனால் பெரிய ஃபைலின் நடுவில் இரண்டு வரி சேர்த்தால் அந்த இடத்துத் துண்டு மட்டும் புதிதாகப் போகும், மீதி ஏற்கெனவே அங்கே இருப்பதுதான். ஃபோல்டர் பெயரை மாற்றினாலும் துண்டுகள் அதேதான்.

திரையில் ஓடும் மொத்த அளவைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். பார்க்க வேண்டியது கடைசியில் வரும் 'ஆடட் டு த ரெபாசிட்டரி' என்ற வரியை. அதில் இரண்டு எண்கள் இருக்கும்: புதிதாகச் சேர்ந்த டேட்டா எவ்வளவு, அது சுருக்கிய பிறகு எவ்வளவு. நிஜமாக இடம் பிடித்தது இரண்டாவது எண்தான்.

இன்னும் பதிப்பு 0-ல ஆரம்பிக்குதே, நம்பலாமா?

எண்ணைப் பார்க்காதீர்கள், எதெல்லாம் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். 2022 ஆகஸ்டில் வந்த 0.14-ல் டேட்டாவைச் சுருக்கும் வசதி. 2023 ஜனவரியில் 0.15-ல் பழைய ஸ்னாப்ஷாட்டைத் திருத்தும் 'ரீரைட்'. அதே ஆண்டு ஜூலையில் 0.16-ல் பழுது பார்க்கும் 'ரிப்பேர்' கட்டளைகள். 2024 ஜூலையில் 0.17-ல் ரீஸ்டோருக்கு ஏகப்பட்ட புது ஆப்ஷன்கள். கவனித்தீர்களா, பேக்கப் எடுக்கும் கட்டளை பெரிதாக மாறவில்லை. வேலை நடந்திருப்பதெல்லாம் திரும்ப எடுக்கும் பக்கத்திலும் பழுது பார்க்கும் பக்கத்திலும். நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாததும் அந்தப் பக்கம்தான், இங்கே வரும் கேள்விகளும் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

'ரெஸ்டிக் வெர்ஷன்' என்று தட்டி உங்களிடம் இருப்பதைப் பாருங்கள். லினக்ஸ் வினியோகங்களின் களஞ்சியத்திலிருந்து நிறுவியிருந்தால் பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ரெஸ்டிக் திட்டமே வெளியிடும் கோப்பை இறக்கியிருந்தால் 'ரெஸ்டிக் செல்ஃப்-அப்டேட்' போதும்.

பழைய ரெப்போவை புது வடிவத்துக்கு மாத்தினேன், அளவு ஒரு பைட்கூட குறையலையே?

'மைக்ரேட் அப்கிரேட்_ரெப்போ_வி2' என்ற கட்டளை ரெப்போவின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும். இனிமேல் சேரும் டேட்டா சுருங்கும், ஏற்கெனவே உள்ளே இருப்பது அப்படியே கிடக்கும். பழையதையும் சுருக்க, தேவையற்ற டேட்டாவை நீக்கும் ப்ரூன் கட்டளையை 'ப்ரூன் --ரீபேக்-அன்கம்ப்ரெஸ்ட்' என்று ஓட்ட வேண்டும். அது எல்லாவற்றையும் இறக்கி, சுருக்கி, மறுபடி ஏற்றும். கிளவுட் ரெப்போ என்றால் டேட்டாவை வெளியே எடுப்பதற்கும் கட்டணம் வரலாம், பார்த்துச் செய்யுங்கள். படங்களும் வீடியோவும்தான் அதிகம் என்றால் மெனக்கெடவே வேண்டாம், அவை ஏற்கெனவே சுருங்கிய வகை.

இன்னொன்று: வடிவம் மாறிய ரெப்போவை 0.14-க்கு முந்தைய ரெஸ்டிக்கால் திறக்க முடியாது. அதே ரெப்போவைப் பயன்படுத்தும் எல்லாக் கணினிகளிலும் முதலில் ரெஸ்டிக்கைப் புதுப்பித்துவிடுங்கள்.

ஏத்திட்டு இருக்கும்போது நெட் போயிடுச்சு. முதல்ல இருந்தா?

இல்லை. அதே கட்டளையை மறுபடி ஓட்டுங்கள். ஃபைல்களை மறுபடி படிக்கும், ஆனால் முன்பு போய்ச் சேர்ந்த துண்டுகளில் பெரும்பகுதியைத் திரும்ப ஏற்றாது. பாதியில் நின்ற முயற்சிக்கு ஸ்னாப்ஷாட் மட்டும் இருக்காது. நடுவில் 'ப்ரூன்' ஓட்டிவிடாதீர்கள். எந்த ஸ்னாப்ஷாட்டும் உரிமை கொண்டாடாத துண்டுகள் என்று பார்த்து அது அவற்றைக் கூட்டித் தள்ளிவிடும்.

'ரெப்போ ஏற்கெனவே லாக் ஆகியிருக்கு'ன்னு சொல்லி நின்னுடுது.

ஒரே நேரத்தில் பல கணினிகள் பேக்கப் எடுக்கலாம், அவை ஒன்றையொன்று தடுக்காது. 'ப்ரூன்', பழைய ஸ்னாப்ஷாட்களைப் பட்டியலிலிருந்து எடுக்கும் 'ஃபர்கெட்' போன்றவைதான் தனக்கு மட்டும் என்று லாக் கேட்கும். வேறு எங்கோ அது ஓடிக்கொண்டிருக்கலாம், அல்லது ஓடும்போது கரண்ட் போய் லாக் மட்டும் மிஞ்சியிருக்கலாம்.

முதல் வகைக்கு '--ரிட்ரை-லாக் 30எம்' என்று சேர்த்தால் 30 நிமிடம் வரை பொறுத்துப் பார்க்கும். இரண்டாம் வகைக்கு 'ரெஸ்டிக் அன்லாக்'. அது செத்துப்போன லாக்கை மட்டும்தான் எடுக்கும். கூடவே '--ரிமூவ்-ஆல்' என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறது. அதை ஸ்கிரிப்டில் நிரந்தரமாக எழுதி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உயிரோடு ஓடும் ப்ரூனின் லாக்கையும் அது பிடுங்கிவிடும். தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

பழைய ஸ்னாப்ஷாட்டை எல்லாம் ஃபர்கெட் பண்ணிட்டேன். இடம் அப்படியே இருக்கே?

'ஃபர்கெட்' பட்டியலிலிருந்து பெயரை அடிக்கும், அவ்வளவுதான். டேட்டாவை நிஜமாக நீக்குவது 'ப்ரூன்'. இரண்டையும் சேர்த்துச் செய்ய 'ஃபர்கெட் --கீப்-டெய்லி 7 --கீப்-வீக்லி 4 --கீப்-மந்த்லி 12 --ப்ரூன்' என்று ஓட்டலாம். முதல் தடவை, எதையும் மாற்றாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும் '--டிரை-ரன்' சேர்த்து ஓட்டி, எது போகும் எது இருக்கும் என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறமும் கொஞ்சம் இடம் மிஞ்சித் தெரிந்தால் அது பிழையல்ல. மொத்தத்தில் 5 சதவீதம் வரை பயன்படாத டேட்டாவை ப்ரூன் வேண்டுமென்றே விட்டுவைக்கும், அதற்காகத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய பெரிய பொட்டலங்களைப் பிரித்துக் கட்டுவது நேர விரயம் என்பதால். சுத்தமாகத் துடைத்தே ஆக வேண்டும் என்றால் '--மேக்ஸ்-அன்யூஸ்ட் 0'.

7 நாளுக்குத்தான் வைக்கச் சொன்னேன். போன வருஷத்து ஸ்னாப்ஷாட் இன்னும் நிக்குதே?

இதில் நானே ஒரு மாதம் ஏமாந்தேன். ஒரு சர்வரில் இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டபோது கணினிப் பெயரை 'ஃபைல்ஸ்' என்பதிலிருந்து 'ஃபைல்ஸ்2' என்று மாற்றிவிட்டேன். ஃபர்கெட் தினமும் ஓடியது, பிழை எதுவும் இல்லை, ரெப்போ மட்டும் மெலியவே இல்லை. ஒரு நாள் 'ரெஸ்டிக் ஸ்னாப்ஷாட்ஸ்' பட்டியலை மேலிருந்து பொறுமையாகப் படித்தபோதுதான் உறைத்தது: பழைய பெயரில் இருந்த கடைசி 7 ஸ்னாப்ஷாட்களும் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

காரணம் எளிது. ஃபர்கெட் விதிகள் மொத்த ரெப்போவுக்கும் சேர்த்து அல்ல, கணினிப் பெயரும் பாதையும் ஒன்றாக இருக்கும் ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாகப் பொருந்தும். பழைய பெயரில் புதிதாக எதுவும் சேராததால் அந்தக் குழுவின் 'கடைசி 7' மாறவே மாறாது. '--கீப்-டெய்லி 7' என்பது நாள்காட்டியின் கடைசி ஏழு நாள் அல்ல, ஸ்னாப்ஷாட் இருக்கிற ஏழு நாள். பாதைப் பட்டியலில் ஒரு ஃபோல்டரைச் சேர்த்தாலும் இதே கதைதான். '--க்ரூப்-பை' கொண்டு குழு பிரிக்கும் முறையை மாற்றலாம், அல்லது பேக்கப் எடுக்கும்போதே '--ஹோஸ்ட்' போட்டுப் பெயரை நிலையாக வைத்துக்கொள்ளலாம்.

தெரியாம 40 ஜிபி ஐஎஸ்ஓ ஃபைலும் பேக்கப்ல போயிடுச்சு. அதை மட்டும் எடுக்க முடியுமா?

முன்பெல்லாம் முடியாது, அது இருக்கும் ஸ்னாப்ஷாட்களையே தூக்கிப்போட வேண்டும். இப்போது 'ரெஸ்டிக் ரீரைட் --எக்ஸ்க்ளூட் "*.ஐஎஸ்ஓ" --ஃபர்கெட்' போதும். அந்த ஃபைல் இல்லாத புதிய ஸ்னாப்ஷாட்டை எழுதி, பழையதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். '--ஃபர்கெட்' இல்லாமல் ஓட்டினால் இரண்டும் இருக்கும், புதியதன்மேல் 'ரீரைட்' என்று ஒரு குறிச்சொல் ஒட்டியிருக்கும். இடம் திரும்பக் கிடைக்க கடைசியில் ப்ரூன், ஏன் என்று மேலே சொல்லியாயிற்று.

எந்த ஸ்னாப்ஷாட் என்று சொல்லாமல் ஓட்டினால் எல்லாவற்றின் மேலும் பாயும். இதிலும் '--டிரை-ரன்' உண்டு.

ரீஸ்டோர் பண்ணேன், ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர் ஃபோல்டரா போகுது!

நீங்கள் '/ஹோம்/டேட்டா/கணக்கு' என்பதை பேக்கப் எடுத்து, '--டார்கெட் /டெம்ப்/மீட்பு' என்று ரீஸ்டோர் செய்தால், மீட்புக்குள் ஹோம், அதற்குள் டேட்டா, அதற்குள் கணக்கு என்று முழுப் பாதையும் மறுபடி முளைக்கும். 0.16 முதல் இதற்கு வழி இருக்கிறது. ஸ்னாப்ஷாட் எண்ணுக்குப் பக்கத்தில் முக்காற்புள்ளி வைத்துப் பாதையைச் சொல்லுங்கள்: 'ரீஸ்டோர் லேட்டஸ்ட்:/ஹோம்/டேட்டா/கணக்கு --டார்கெட் /டெம்ப்/மீட்பு'. உள்ளே இருப்பது மட்டும் நேராக வந்து இறங்கும்.

ஒரே ஒரு ஃபைல்தான் வேண்டும், எங்கே என்று நினைவில்லை என்றால் 'ரெஸ்டிக் ஃபைண்ட்' அல்லது 'ரெஸ்டிக் மவுண்ட்'. மவுண்ட் செய்தால் ஸ்னாப்ஷாட்களைச் சாதாரண ஃபோல்டர் போலத் திறந்து துழாவலாம். லினக்ஸ், மேக், ஃப்ரீபிஎஸ்டி மூன்றிலும் ஓடும், விண்டோஸில் இல்லை.

இருக்கிற ஃபோல்டர் மேலேயே ரீஸ்டோர் பண்ணினா என்ன ஆகும்?

சாதாரணமாக ஓட்டினால் ஸ்னாப்ஷாட்டில் இருப்பதுதான் ஜெயிக்கும், நீங்கள் இன்று காலை திருத்திய ஃபைல் போய்விடும். 0.17-ல் வந்த '--ஓவர்ரைட்' ஆப்ஷனில் இதைக் கட்டுப்படுத்தலாம்: 'நெவர்' என்றால் இருப்பதைத் தொடாது, 'இஃப்-நியூவர்' என்றால் ஸ்னாப்ஷாட்டில் உள்ளது புதியதாக இருந்தால் மட்டும் மாற்றும், 'இஃப்-சேஞ்ச்ட்' என்றால் அளவோ நேரமோ மாறிய ஃபைல்களை மட்டும் பார்க்கும்.

ஸ்னாப்ஷாட்டில் இல்லாத ஃபைல்களை அழித்து, ஃபோல்டரை அன்றைய நிலைக்கே கொண்டுவர '--டெலீட்' இருக்கிறது. ரொம்ப உபயோகமானது, கை நழுவினால் ரொம்ப ஆபத்தானதும் அதுதான். '--டிரை-ரன் --வெர்போஸ்=2' சேர்த்து ஓட்டிப் பட்டியலைப் படிக்காமல் நான் அதைத் தொடுவதே இல்லை.

டேட்டாபேஸ் டம்ப்பை பைப் போட்டு அனுப்புறேன். சரியா இருக்குமா?

ஓடும். டம்ப் என்பது டேட்டாபேஸ் முழுவதையும் ஃபைலாகக் கொட்டுவது, பைப் என்பது ஒரு கட்டளையின் வெளியீட்டை நேராக அடுத்த கட்டளைக்கு அனுப்புவது. ஆனால் டம்ப் எடுக்கும் கட்டளை நடுவில் செத்தால், ரெஸ்டிக்குக்கு அது தெரியாது. 'உள்ளீடு முடிந்தது' என்று நினைத்துப் பாதி ஃபைலோடு ஸ்னாப்ஷாட்டை எழுதி, வெற்றி என்று சொல்லிவிடும். இது தெரிய வருவது ரீஸ்டோர் செய்யும் நாளில்தான்.

0.17-ல் வந்த '--ஸ்டிடின்-ஃப்ரம்-கமாண்ட்' இதற்காகவே. பைப்பை எடுத்துவிட்டு, 'பேக்கப் --ஸ்டிடின்-ஃபைல்நேம் கணக்கு.எஸ்க்யூஎல் --ஸ்டிடின்-ஃப்ரம்-கமாண்ட் --' என்று எழுதி, அதன் பிறகு உங்கள் டம்ப் கட்டளையை வையுங்கள். ரெஸ்டிக்கே அதை ஓட்டும், அது தோற்றால் ஸ்னாப்ஷாட் எழுதாமல் தானும் பிழையோடு நின்றுவிடும். புதிய வசதிகளில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கிரான்ல ஓடுது. தோத்துப்போனா எனக்கு எப்படித் தெரியும்?

குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில், திரையில் வரும் வாசகத்தைத் தேடாதீர்கள், வெளியேறும்போது வரும் எண்ணைப் பாருங்கள். 0 வெற்றி. 1 பொதுவான தோல்வி. 3 வந்தால் ஸ்னாப்ஷாட் எழுதியாயிற்று, ஆனால் சில ஃபைல்களைப் படிக்க முடியவில்லை; இதைப் பலர் வெற்றிக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். 10 என்றால் ரெப்போவே இல்லை, 11 என்றால் லாக் கிடைக்கவில்லை, 12 என்றால் பாஸ்வேர்டு தவறு (இது 0.17.1 முதல்).

'--ஸ்கிப்-இஃப்-அன்சேஞ்ச்ட்' போட்டிருந்தால் எதுவும் மாறாத நாளில் ஸ்னாப்ஷாட் எழுதாது. பட்டியல் அழகாக இருக்கும். ஆனால் 'இன்றைக்கு ஸ்னாப்ஷாட் இருக்கிறதா' என்று பார்க்கும் கண்காணிப்பு வைத்திருந்தால் சும்மா அலாரம் அடிக்கும். அதனால் நான் சர்வர்களில் போடுவதில்லை.

'செக்' ஓட்டினேன், பிழை இல்லைன்னு சொல்லுது. அப்போ எல்லாம் பத்திரமா?

பாதிதான். ரெப்போவைச் சரிபார்க்கும் கட்டளைதான் 'செக்'. வெறும் 'செக்', எந்தத் துண்டு எங்கே என்று குறிக்கும் அட்டவணையும் ஸ்னாப்ஷாட் அமைப்பும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்க்கும், டேட்டா முழுவதையும் படிக்காது. டிஸ்க்கில் ஒரு ஓரம் கெட்டுப்போயிருந்தால் இதில் தெரியாது. '--ரீட்-டேட்டா' முழுவதையும் படிக்கும், நெட் வழியாக என்றால் நாள் கணக்கில் ஆகலாம். நடுவழி '--ரீட்-டேட்டா-சப்செட்'. திங்களன்று 1/7, செவ்வாயன்று 2/7 என்று கொடுத்தால் ஒரு வாரத்தில் மொத்தமும் ஒரு சுற்று வந்துவிடும்.

செக் பிழை காட்டிடுச்சு. உடனே ரிப்பேர் ஓட்டட்டுமா?

கையை எடுங்கள். முதலில் ரெப்போவின் நகல் ஒன்றை எடுத்து வையுங்கள். கெட்டது டிஸ்க் என்றால் ரிப்பேர் ஓடும்போதே இன்னும் கெடும். அடுத்து 'ரெஸ்டிக் ரிப்பேர் இண்டெக்ஸ்'. அட்டவணையை நிஜமாக இருக்கும் டேட்டாவோடு பொருத்தி எழுதும் கட்டளை இது, பழைய 'ரீபில்ட்-இண்டெக்ஸ்' இதுவாகத்தான் மாறியிருக்கிறது. குறிப்பிட்ட சில பொட்டலங்கள் கெட்டிருப்பதாகச் செக் எண்ணோடு சொன்னால், 'ரிப்பேர் பேக்ஸ்' அவற்றில் மீட்கக்கூடிய துண்டுகளை மீட்டு, கெட்டதைக் கழிக்கும்.

அதன் பிறகு உடனே வழக்கமான பேக்கப்பை ஒரு தடவை ஓட்டுங்கள். பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். தொலைந்த துண்டுகள் உங்கள் கணினியில் அப்படியே இருந்தால், அவை மறுபடி ஏறி, பழைய ஸ்னாப்ஷாட்களும் தானாகக் குணமாகும். அதற்கும் தேறாதவற்றுக்குத்தான் கடைசி மருந்தான 'ரிப்பேர் ஸ்னாப்ஷாட்ஸ் --ஃபர்கெட்'. அது போன டேட்டாவைக் கொண்டுவராது. சேதமான ஃபைல்களை வெட்டிவிட்டு மீதியைக் காப்பாற்றும். முடிந்ததும் இன்னொரு செக்.

பாஸ்வேர்டு மறந்துட்டேன்...

வழியில்லை. வருத்தமாக இருக்கிறது, ஆனால் வழியில்லை. எந்தக் கணினியிலாவது பாஸ்வேர்டு ஃபைலாகவோ ஸ்கிரிப்டிலோ இருக்கிறதா என்று தேடுங்கள். இன்னும் மறக்காதவர்கள் இன்றே 'ரெஸ்டிக் கீ ஆட்' போட்டு இரண்டாவது பாஸ்வேர்டு ஒன்றை உண்டாக்கி, காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். ஒரு ரெப்போவுக்கு எத்தனை பாஸ்வேர்டு வேண்டுமானாலும் வைக்கலாம்.

பாஸ்வேர்டு வெளியே போயிடுச்சு, 'கீ பாஸ்வேர்டு' போட்டு மாத்திட்டேன். இப்ப சரிதானே?

முழுதாகச் சரியில்லை. டேட்டாவைப் பூட்டியிருப்பது உள்ளே இருக்கும் ஒரு தலைமைச் சாவி. உங்கள் பாஸ்வேர்டு அந்தச் சாவி இருக்கும் பெட்டியைத் திறப்பது மட்டும்தான். 'கீ பாஸ்வேர்டு' (தட்டும்போது key passwd) பெட்டியின் பூட்டை மாற்றுகிறது, சாவி அதேதான். யாராவது பழைய பெட்டியின் நகலை ஏற்கெனவே எடுத்திருந்தால், பழைய பாஸ்வேர்டை வைத்துத் தலைமைச் சாவியை எடுத்துவிடலாம். ரெப்போவும் அவர்கள் கைக்கு எட்டும் என்ற சந்தேகம் இருந்தால் புதிய ரெப்போ தொடங்கி, 'ரெஸ்டிக் காப்பி' மூலம் ஸ்னாப்ஷாட்களை அங்கே கொண்டுபோய், பழையதை அழியுங்கள்.

என் கணினியே ஹேக் ஆனா, அவனே பேக்கப்பையும் அழிச்சிட மாட்டானா?

அழிப்பான், நீங்கள் அழிக்கும் உரிமையைக் கணினியிடம் கொடுத்திருந்தால். ரெப்போவை வைத்துக்கொள்ள ரெஸ்டிக் குழுவே தரும் ரெஸ்ட்-சர்வர் என்ற சர்வர் மென்பொருளை '--அப்பெண்ட்-ஒன்லி' என்று ஓட்டினால், வெளியிலிருந்து சேர்க்க முடியும், இருப்பதை அழிக்க முடியாது. ஃபர்கெட், ப்ரூன் இரண்டையும் முழு உரிமை உள்ள வேறொரு கணினியிலிருந்து நீங்கள் ஓட்ட வேண்டும்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. திருடன் அழிக்க முடியாது, ஆனால் சேர்க்கலாம். குப்பை ஸ்னாப்ஷாட் ஏழெட்டைச் சேர்த்துவிட்டு அவன் காத்திருந்தால், '--கீப்-லாஸ்ட் 7' என்று நீங்கள் ஓட்டும் ஃபர்கெட் குப்பையை வைத்துக்கொண்டு நல்லதை அழித்துவிடும். வேலை உங்கள் கையாலேயே முடிந்துவிடும். அதனால் இந்த முறையில் எண்ணிக்கைக்குப் பதில் '--கீப்-விதின்' போன்ற கால அளவு விதிகளை வையுங்கள், ஃபர்கெட்டைக் கிரானில் போடாமல் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கையால் ஓட்டுங்கள்.

இரண்டாவது நகலுக்கு ரெப்போவை அப்படியே ஆர்சிங்க் பண்ணா போதுமா, 'காப்பி' எதுக்கு?

ஆர்சிங்க் ஃபைல்களை உள்ளது உள்ளபடி நகலெடுக்கும் கருவி. முதல் ரெப்போவில் ஒரு பொட்டலம் கெட்டிருந்தால் கெட்டதும் போகும், அழிந்தது அங்கேயும் அழியலாம். முதல் கேள்வியில் சொன்ன கண்ணாடிதான். 'காப்பி' ஸ்னாப்ஷாட்டை இங்கே திறந்து, அங்கே அதன் சாவியால் பூட்டி எழுதும். வழியில் கெட்ட துண்டு வந்தால் கத்தும். வேண்டிய ஸ்னாப்ஷாட்களை மட்டும் அனுப்பலாம், பாஸ்வேர்டும் வேறாக இருக்கலாம்.

இரண்டாவது ரெப்போவை உருவாக்கும்போது 'இனிட்' கட்டளையில் '--ஃப்ரம்-ரெப்போ' கொடுத்து, '--காப்பி-சங்க்கர்-பாராம்ஸ்' சேர்க்க மறக்காதீர்கள். துண்டு வெட்டும் அளவுகோல் ரெப்போவுக்கு ரெப்போ வேறு. அது ஒன்றாக இல்லாவிட்டால், இங்கிருந்து காப்பியான டேட்டாவும் அங்கே நேரடியாக எடுக்கும் பேக்கப்பும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இரட்டை இடம் பிடிக்கும். இதைப் பிற்பாடு மாற்ற முடியாது, ரெப்போவைப் புதிதாகத்தான் தொடங்க வேண்டியிருக்கும்.